ஐம்பது நோயாளிகள், ஒரு சி.ஆர்.பி., ஒரு கழுத்து ஸ்கேன்: முதுநிலை ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பொது மருத்துவம், நரம்பியல், கதிரியக்கவியல், உயிர்வேதியியல் துறைகளில் முதுநிலை ஆய்வுகளுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும், ஆய்வு நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்

வணக்கம்.

புதிய பேட்ச் சேர்ந்த சில மாதங்களில் உங்கள் மேசைக்கு வரும் தீசிஸ் முன்மொழிவுகளில் ஒரு தலைப்பு ஆண்டு தவறாமல் இருக்கும்: அடைப்பால் வந்த பக்கவாத நோயாளிகளில், அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி.யின் அளவுக்கும் (மிகக் குறைந்த அளவையும் பிடிக்கும் உயர் உணர்திறன் பரிசோதனையில் அளந்தால் ஹெச்.எஸ். சி.ஆர்.பி.), கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனுக்கும் உள்ள தொடர்பு. சி.ஆர்.பி. சலித்துப்போனால் அந்த இடத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வரும். அடுத்த ஆண்டு ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன், அதற்கடுத்து யூரிக் அமிலம். நோயாளிகள் 50 பேர், ஒப்பிட 50 பேர். முடிவும் அநேகமாக முன்பே தெரிந்ததுதான்: நோயாளிகளுக்கு இரண்டும் அதிகம், பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழ், "எனவே இவை பக்கவாதத்தை முன்கணிக்க உதவும்."

தலைப்பு ஏன் விரும்பப்படுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நோயாளிகள் வார்டிலேயே இருக்கிறார்கள். ரத்த ஓட்டத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் டாப்ளர் இயந்திரம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. லேப் சி.ஆர்.பி. செய்து தருகிறது. மூன்று ஆண்டுப் படிப்பில், இரவுப் பணிகளுக்கு நடுவே, ஒரு மாணவர் முடிக்கக்கூடிய வேலை. அதில் தவறொன்றும் இல்லை. தலைப்பைத் தடை செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. ரத்தம் எந்த மணிநேரத்தில் எடுக்கப்படும், சுவர் எந்த இடத்தில் எப்படி அளக்கப்படும், யாரோடு ஒப்பிடப்படும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத முன்மொழிவில் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதலில் ரத்தம். சி.ஆர்.பி. கல்லீரலில் சுரப்பது. உடலில் எங்கே திசு சேதமானாலும் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், 48 மணி நேரத்தை ஒட்டி உச்சம் தொடும், தூண்டல் நின்றதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். மூளையில் ஒரு பகுதி செத்துப்போவதும் திசு சேதம்தான். பக்கவாதம் வந்து இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸில் எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி. 14 மி.கி./லி. என்று வந்தால், அது தமனிச் சுவரின் நாள்பட்ட அழற்சியா, நேற்று செத்த மூளைத் திசுவின் எதிர்வினையா, மூக்கு வழியே போட்ட ரைல்ஸ் டியூபில் ஏறிய உணவு நுரையீரலில் இறங்கி வந்த நிமோனியாவா, சிறுநீர்க் குழாய்த் தொற்றா என்று அந்த எண் சொல்லாது. கனமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது கிணற்றில் கயிற்றை இறக்கி, போன கோடையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கண்டுபிடிக்க முயல்வது போன்றது இது.

இதனால் வரும் பிழை ஒரே திசையில் சாயும் என்பதுதான் சிக்கல். பெரிய தமனி அடைபட்டவருக்கு மூளைச் சேதம் பெரியது. சேதம் பெரியதாக இருந்தால் சி.ஆர்.பி. அதிகம். விழுங்க முடியாதவருக்கு நிமோனியா அதிகம், அதனாலும் சி.ஆர்.பி. அதிகம். பெரிய தமனி நோய் உள்ளவருக்குக் கழுத்துச் சுவரும் தடித்திருக்கும். தீசிஸில் "சி.ஆர்.பி.யும் தடிமனும் சேர்ந்தே உயர்கின்றன" என்று வரும். சேர்ந்து உயர்ந்தது உண்மை. ஆனால் சி.ஆர்.பி. அங்கே சுவரைப் பற்றிப் பேசவில்லை, மூளையில் செத்த பகுதியின் பருமனைப் பற்றிப் பேசுகிறது.

ஆகவே நேரத்தைக் கட்டுங்கள். அறிகுறி தொடங்கிய நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் மணிக்கணக்கில் எழுதவேண்டும். "அட்மிஷன் அன்று" என்பது நேரம் அல்ல. முதல் மாதிரி அறிகுறி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் கிடைத்தால் நல்லது. நம் வார்டுகளுக்கு நோயாளி வந்து சேரும் நேரத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் அது நடக்காது. அப்படியென்றால் ஆய்வின் முக்கிய மாதிரியை மூன்று மாதம் கழித்து, மறுபரிசோதனைக்கு வரும் நாளில் எடுங்கள். அதற்குள் மூளையின் எதிர்வினை அடங்கியிருக்கும். அன்று காய்ச்சல், இருமல், புண், ஈறு வீக்கம், மூட்டு வலி இருக்கிறதா என்று கேட்டுக் குறிக்கவேண்டும். 10 மி.கி./லி.க்கு மேல் வந்தால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். இந்த விதி புதியதல்ல, அமெரிக்க இதயச் சங்கமும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2003-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. 1-க்குக் கீழ் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்ற வகுப்பும் அங்கிருந்து வந்ததுதான். அது உடல்நலத்தோடு இருப்பவர்களுக்காகப் போட்ட அளவுகோல். பக்கவாதம் வந்து இரண்டாம் நாள் படுத்திருப்பவருக்கு அதைப் பொருத்தி "அதிக ஆபத்து" என்று வகைப்படுத்துவதில் பொருளில்லை.

மூன்று மாதத்தில் நோயாளி கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் எடுத்துக்கொண்டிருப்பார். அதுவும் சி.ஆர்.பி.யைக் குறைக்கும். 2008-இல் வெளியான ஜூபிட்டர் ஆய்வில் ரோசுவாஸ்டாடின் 20 மி.கி. ஹெச்.எஸ். சி.ஆர்.பி.யை 37 சதவீதம் இறக்கியது. மருந்தை நிறுத்திவிட்டு அளக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எந்த ஸ்டாடின், எத்தனை மி.கி., ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று குறித்துப் பகுப்பாய்வில் சேர்ப்பதுதான் வழி.

அடுத்து, லேப் செய்து தரும் பரிசோதனை உண்மையில் எது என்று பாருங்கள். கண்ணாடித் தகட்டில் லேடெக்ஸ் துகள் திரள்வதைப் பார்க்கும் பரிசோதனை சுமார் 6 மி.கி./லி.க்கு மேல்தான் "பாசிட்டிவ்" காட்டும். கரைசலின் கலங்கலை அளக்கும் சாதாரண டர்பிடிமெட்ரி 3 முதல் 5 வரைதான் நம்பகமாக இறங்கும். 1-க்கும் 3-க்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பேசும் ஆய்வுக்கு உயர் உணர்திறன் கிட் தேவை. முன்மொழிவில் கிட்டின் வகையும், அது எந்த அளவு வரை இறங்கி அளக்கும் என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும். அலகும் அப்படித்தான். சில லேப்கள் டெசிலிட்டருக்கு மி.கி. என்று தருகின்றன, சில லிட்டருக்கு. 0.6 மி.கி./டெ.லி. என்பது 6 மி.கி./லி. பாதி நோயாளிகளின் ரிப்போர்ட் வெளி லேபிலிருந்தும் மீதி உள் லேபிலிருந்தும் வந்து, எல்லாம் ஒரே எக்செல் பத்தியில் ஏறினால் பத்து மடங்கு பிழை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். எல்லா நோயாளிகளின் எண்களும் சேரும் மாஸ்டர் சார்ட்டில் 0.3-உம் 28-உம் அடுத்தடுத்து நின்றால் வழிகாட்டி முதலில் கேட்கவேண்டிய கேள்வி அலகைப் பற்றியதுதான்.

சி.ஆர்.பி. அழற்சியின் அடையாளம். அதுவே தமனியைக் கெடுக்கிறது என்பதற்கு மரபணு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. அழற்சியை மருந்தால் அடக்கினால் மறு பக்கவாதம் குறையுமா என்பதையும் நேராகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2024-இல் வெளியான கான்வின்ஸ் ஆய்வில் கோல்ச்சிசின் எடுத்தவர்களில் 9.8 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 11.7 சதவீதத்தினருக்கும் மறு நிகழ்வு வந்தது. அந்த வேறுபாடு புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை. ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 2-க்கு மேல் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சீனாவில் நடத்திய சான்ஸ்-3 ஆய்வில் 90 நாளில் மறு பக்கவாதம் இரு பக்கமும் ஏறத்தாழ சமம்: 6.3, 6.5 சதவீதம். இவ்வளவு நடந்த பிறகும் "சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது, எனவே சிகிச்சை இலக்காகலாம்" என்று முடிவுரை எழுதும் தீசிஸை வாசிக்கும்போது சங்கடமாக இருக்கிறது.

இனி ஸ்கேன்.

தமனிச் சுவரின் உட்படலமான இன்டிமாவையும் நடுப்படலமான மீடியாவையும் சேர்த்து அளப்பதுதான் ஐ.எம்.டி. அல்ட்ராசவுண்டில் இரண்டு இணை வெள்ளைக் கோடுகளாகத் தெரிவதற்கு இடையிலான தூரம் அது. மிலானில் பாவோலோ பிக்னோலியும் சக ஆய்வாளர்களும் 1986-இல் தமனித் துண்டுகளை நேரடியாக அளந்து, ஸ்கேனின் அளவோடு ஒப்பிட்டுக் காட்டியதிலிருந்து இந்த முறை பரவியது. அதன் எல்லை தொடக்கத்திலிருந்தே தெரிந்ததுதான்: ஸ்கேனால் இன்டிமாவையும் மீடியாவையும் பிரித்துப் பார்க்க முடியாது. கொழுப்புப் படிவது இன்டிமாவில். நீண்டகால ரத்த அழுத்தத்தால் தடிப்பது மீடியாவின் தசை. இருபது ஆண்டுகளாகப் பிரஷர் உள்ளவருக்கு 1.0 மி.மீ. வந்தால் அது பெரும்பாலும் அழுத்தத்தின் கணக்கு. அதை "அதிரோஸ்கிளிரோசிஸ்" (சுவரில் கொழுப்புப் படியும் நோய்) என்று எழுதிவிட முடியாது.

எங்கே அளப்பது? பொதுக் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிவதற்கு முன் சற்று உப்பும் இடம் பல்ப். அந்த உப்பல் தொடங்கும் இடத்துக்குக் கீழே 1 செ.மீ. நீளம், தோலிலிருந்து தள்ளியிருக்கும் பின்சுவர். அங்கேதான் கோடுகள் தெளிவாக விழும். முன்சுவரின் அளவு கெயின் (திரும்பும் ஒலியைப் பெருக்கும்) அமைப்பைப் பொறுத்து மாறும், நம்பமுடியாது. பல்பின் சுவர் இயல்பிலேயே தடிமன். ஒரு நோயாளிக்குப் பல்பிலும் மற்றவருக்குக் கீழேயும் அளந்து ஒரே பத்தியில் போட்ட தீசிஸ்களில், முடிவைத் தீர்மானித்தது நோய் அல்ல, கழுத்தில் வைக்கும் ஸ்கேன் முனையான புரோப் நின்ற இடம்.

எப்படி அளப்பது? 7 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத லீனியர் புரோப். ஆழம் சுமார் 4 செ.மீ. ஃபோகஸ் பின்சுவரில். தலை எதிர்ப்பக்கம் 45 பாகை திரும்பியிருக்கவேண்டும். தமனி திரையில் கிடைமட்டமாக, ஒலிக்கற்றை அதற்குச் செங்குத்தாக. இரு சுவர்களிலும் இரட்டைக் கோடு ஒரே சமயத்தில் தெரிந்தால் வெட்டு நடுவில் போகிறது என்று பொருள். ஓரமாக வெட்டினால் சுவர் உள்ளதைவிடத் தடிமனாகத் தெரியும். தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குவது. விரியும்போது சுவர் மெலியும். அதனால் ஈ.சி.ஜி. கம்பியை இணைத்து, இதயம் சுருங்கத் தொடங்குவதைக் காட்டும் ஆர் அலை வரும் கணத்தில் உறையவைத்த படத்தில் அளக்கவேண்டும். ஈ.சி.ஜி. இணைப்பில்லாத இயந்திரம் என்றால் குறுகிய வீடியோவாகப் பதிந்து, தமனி மிகக் குறுகியிருக்கும் ஃபிரேமைத் தேர்ந்தெடுக்கலாம். இரு பக்கமும், ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டு கோணங்களில்.

பக்கவாத நோயாளியிடம் இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல நடக்காது என்பதையும் சொல்லவேண்டும். பார்வையும் தலையும் ஒரு பக்கம் இழுத்திருக்கும். கழுத்தில் சென்ட்ரல் லைன் இருக்கலாம். மூச்சு வாங்குபவரைத் தட்டையாகப் படுக்கவைக்க முடியாது. பேச்சு புரியாதவரிடம் "விழுங்காதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. இதற்கும் தீர்வு மூன்று மாத மறுவருகைதான். சுவரின் தடிமன் மூன்று மாதத்தில் மாறிவிடாது. அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் மட்டும் காத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு வருகிறோம்.

திரையில் தூரம் அளக்கும் குறியான காலிப்பரைக் கையால் வைத்து ஒரே புள்ளியில் அளப்பதை நிறுத்துங்கள். விளிம்பைத் தானே கண்டறியும் மென்பொருள் 1 செ.மீ. நீளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளை எடுத்துச் சராசரி தரும். பல இயந்திரங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. காலிப்பரை ஒரு மயிரிழை நகர்த்தினால் 0.1 மி.மீ. மாறும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த 2007-ஆம் ஆண்டின் பகுப்பாய்வு, வயதும் பாலினமும் சரிசெய்த பிறகு, 0.1 மி.மீ. கூடுதல் தடிமனுக்குப் பக்கவாத ஆபத்து 1.18 மடங்கு என்று சொன்னது. கை நடுக்கமும் ஆபத்தின் அலகும் ஒரே அளவு.

"ஆறு மாதம் ஸ்டாடின் கொடுத்து ஐ.எம்.டி. குறைகிறதா பார்க்கிறோம்" என்று வரும் முன்மொழிவுகளை இதே கணக்கில் திருப்பி அனுப்பலாம். நடுவயதில் சுவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.01 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாகத் தடிக்கிறது. திறமையான ஒருவர் அதே நோயாளியை ஒரு வாரம் கழித்து அளந்தாலே 0.05 மி.மீ. மாறும். ஆறு மாத மாற்றத்தை 50 பேரில் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால், அளந்தவருக்கு எது மருந்துக்கு முன், எது பின் என்று தெரிந்திருந்தது என்றுதான் நாங்கள் முதலில் சந்தேகிப்போம்.

அதனால் அளப்பவர் கண் கட்டப்பட்டிருக்கவேண்டும். சி.ஆர்.பி. எவ்வளவு, பக்கவாதம் எந்தப் பக்கம், இவர் நோயாளியா ஒப்பீட்டுக்கு வந்தவரா என்று எதுவும் தெரியாமல், எண் மட்டும் இட்ட படங்களை அவர் பின்னர் உட்கார்ந்து அளக்கவேண்டும். படங்கள் டைகாம் என்ற டிஜிட்டல் வடிவில் சேமிக்கப்படவேண்டும், தெர்மல் காகிதத்தில் எடுத்த பிரிண்ட் போதாது. ஆய்வு தொடங்கும் முன் மாணவர் 20 பேரையாவது ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளிகளாகக் காட்டும் பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடத்தைப் போடட்டும். அந்த வரைபடம் தீசிஸின் முதல் படமாக இருப்பதே சரி. தொடர்புக் குணகம் 0.95 என்று மட்டும் எழுதினால் போதாது. இரண்டாம் முறை எல்லாமே 0.2 மி.மீ. கூடுதலாக இருந்தாலும் அந்த எண் அழகாகத்தான் வரும்.

சுவரின் தடிமனையும் கொழுப்புத் திட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். 2004-இல் தொடங்கி 2011 வரை திருத்தப்பட்ட மான்ஹைம் உடன்பாட்டின்படி, சுற்றியுள்ள சுவரைவிட 0.5 மி.மீ. அல்லது 50 சதவீதம் உள்நோக்கிப் புடைத்திருந்தாலோ, மொத்தத் தடிமன் 1.5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ அது திட்டு. அதைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும்: எங்கே, எத்தனை, மேற்பரப்பு சீரா கரடா, உள்ளே கருமையா வெண்மையா. திட்டின் மேலேயே காலிப்பர் வைத்து "ஐ.எம்.டி. 2.3" என்று எழுதுவதை இன்னமும் பார்க்கிறோம். அது ஐ.எம்.டி. இல்லை.

0.9 மி.மீ.க்கு மேல் போனால் தடிப்பு என்று எல்லோருக்கும் ஒரே கோடு போடுவதும் தவறு. 2007-லும் 2013-லும் ஐரோப்பிய உயர் ரத்த அழுத்த வழிகாட்டுதல்கள் அதை உறுப்புச் சேதத்தின் அடையாளமாக வைத்தன. 72 வயதுக்காரருக்கு 0.92 என்பது வயதின் இயல்பாகவே இருக்கலாம். 34 வயதுக்காரருக்கு 0.75 என்பது கவலைப்படவேண்டியது. ஒரே கோட்டால் இருவரையும் வெட்டினால், அந்த அட்டவணை வயதைத்தான் அளக்கிறது.

ஹோமோசிஸ்டீன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பிழை லேபுக்குப் போகும் வழியிலேயே நடந்துவிடுகிறது. ரத்தம் குழாயில் இருக்கும்போதும் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணிக்கு ஏறத்தாழ 10 சதவீதம் ஏறும். காலை ஆறு மணிக்கு வார்டில் எடுத்த குழாய், லேபுக்குக் கொண்டுபோகிறவர் வரும் ஒன்பது மணி வரை டிரேயில் நின்றால், உண்மையில் லிட்டருக்கு 12 மைக்ரோமோலாக இருந்தது 15.6 ஆகிவிடும். இயல்பின் மேல் எல்லை 15. ஒப்பீட்டுக்கு வந்தவர்கள் லேப் வாசலிலேயே ரத்தம் கொடுத்து உடனே பிரித்தெடுக்கப்பட்டிருந்தால், நோயாளிகளுக்கு அதிகம் என்ற முடிவு டிரேயிலேயே தயாராகிவிட்டது. தேவையானது இவை: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாய், எடுத்த உடன் ஐஸ், ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜ் செய்து பிளாஸ்மாவைப் பிரித்தல். பிரித்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதவேண்டும். ஐஸ் பெட்டிக்கு வழி இல்லை என்றால் இந்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. கூடவே கிரியேட்டினின், பி12, தைராய்டு பார்க்காமல் ஹோமோசிஸ்டீனை மட்டும் பார்ப்பது வீண். சிறுநீரகம் தளர்ந்தாலும் பி12 குறைந்தாலும் ஏறும். மெட்ஃபார்மின் பல ஆண்டு எடுத்தவருக்கும் பால், முட்டை, அசைவம் அதிகம் சேர்க்காதவருக்கும் பி12 குறைவாக இருப்பது நம்மிடம் சாதாரணம். பக்கவாதத்தின் முதல் சில நாட்களில் அளவு தாழ்ந்து பிறகு ஏறும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் பயனா என்பதற்கான விடையும் சீராக இல்லை. 8,164 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான விட்டாடாப்ஸ் ஆய்வில் பி வைட்டமின்கள் தெளிவான பலன் தரவில்லை. 2015-இல் சீனாவில் பக்கவாதமே வராத ரத்த அழுத்த நோயாளிகளுக்கு எனலாப்ரிலோடு ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுத்தபோது முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 ஆனது. நம் மக்களின் பி12, ஃபோலேட் நிலையில் இது எப்படி இருக்கும் என்பது உண்மையிலேயே நல்ல கேள்வி. 50 பேர் தீசிஸால் அதைத் தொடமுடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கடும் நோய்க்குப் பிறகு சில நாட்களில் தாழும், எனவே முதல் 24 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். டிரைகிளிசரைடு 400 மி.கி./டெ.லி.யைத் தாண்டினால் ஃபிரீட்வால்ட் சூத்திரத்தால் கணக்கிட்ட எல்.டி.எல். செல்லாது. ஃபைப்ரினோஜனும் சி.ஆர்.பி. போலவே கடும் கட்டத்தில் ஏறுவது. சிட்ரேட் குழாயைக் கோடு வரை நிரப்பாவிட்டால் அளவே கெட்டுவிடும். அட்மிஷன் சர்க்கரை மன அழுத்தத்தால் ஏறியிருக்கலாம் என்பதால், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பார்க்கிறோம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் அது பொய்யாக உயரும், நம் வார்டில் எத்தனை பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ-யின் அளவு பெரும்பாலும் மரபணு தீர்மானிப்பது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மி.கி./டெ.லி. அல்லது 125 நானோமோல்/லி.க்கு மேல் அதிகம். இரண்டு அலகுகளுக்கும் இடையே நேரான மாற்றுக் கணக்கு இல்லை, பெருக்கிப் போடாதீர்கள். எங்களைக் கேட்டால், இளவயது பக்கவாத நோயாளிகளில் ஒரு புதிய ரத்தக் குறியீட்டை எடுத்து ஆராய வேண்டுமென்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வோம். நாள் மாறினாலும் பெரிதாக மாறாத குறியீடு இது.

ஒப்பீட்டுக்கு யாரை எடுக்கிறீர்கள்? பல தீசிஸ்களில் அது நோயாளியின் அட்டெண்டர்கள், அல்லது மருத்துவமனை ஊழியர்கள். அப்பாவுக்கு 63 வயது, கூட வந்த மகனுக்கு 35. ஐ.எம்.டி. வயதோடு ஏறுவது. அப்பா, மகன் என்ற வித்தியாசத்தையே பக்கவாதம் என்று எழுதிவிடுகிறோம். வயது, பாலினம், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை இவை பொருந்தவேண்டும். அதைவிட நல்ல ஒப்பீடு வார்டுக்குள்ளேயே இருக்கிறது: பெரிய தமனி நோயால் பக்கவாதம் வந்தவர்களையும், இதயத்திலிருந்து ரத்தக்கட்டி போய் அடைத்தவர்களையும் ஒப்பிடுவது. இருவருக்கும் மூளைச் சேதம் உண்டு, இருவரும் அதே படுக்கையில் அதே நேரத்தில் அளக்கப்படுகிறார்கள். சுவர் தடிப்பு முதல் வகையில்தான் அதிகம் என்றால் அதற்குப் பொருள் உண்டு. இதற்கு, பக்கவாதத்தைக் காரணவாரியாக ஐந்து வகையாகப் பிரிக்கும் 1993-இன் டோஸ்ட் வகைப்பாட்டை ஒழுங்காகச் செய்யவேண்டும். ஒரே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு இதயத்தில் கோளாறு இல்லை என்று எழுதினால், வந்து வந்து போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சீரற்ற இதயத்துடிப்பு) எல்லாம் "காரணம் தெரியாதவை" கூடைக்குள் விழும்.

நம் நோயாளிகளில் இன்னொன்றும் உண்டு. ஆசியர்களிடம், இந்தியர்களிடமும், மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் அடைப்பு கணிசமானது. கழுத்தில் அளக்கும் ஐ.எம்.டி. அதைப் பார்க்கவே பார்க்காது. நடு மூளைத் தமனியில் இறுகிய அடைப்பும், கழுத்தில் 0.7 மி.மீ. சுத்தமான சுவரும் ஒரே ஆளிடம் இருக்கலாம். தமனிகளைப் படமெடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோவோ சி.டி. ஆஞ்சியோவோ இல்லாமல் இந்தத் தலைப்பை எடுப்பது பாதிக் கேள்வியை வெளியே விட்டுவிட்டுத் தொடங்குவதாகும்.

எண்ணிக்கைக்கு வருவோம். தொடர்புக் குணகம் 0.3 இருக்கும் என்று எதிர்பார்த்தால், 80 சதவீதத் திறனோடு (நூறு முறை செய்தால் எண்பது முறை தப்பாமல்) அதைக் கண்டுபிடிக்க 85 பேர் வேண்டும். 0.2 என்றால் 194 பேர். 0.3 கிடைத்தாலும் அது விளக்குவது மாறுபாட்டில் 9 சதவீதத்தை மட்டுமே. 50 பேரை ஐந்து டோஸ்ட் வகைகளாகப் பிரித்தால் சில கட்டங்களில் நான்கு பேர்தான் இருப்பார்கள். பத்து ரத்தக் குறியீடுகளை நான்கு இடத்து ஐ.எம்.டி.யோடு ஒப்பிட்டால் 40 சோதனைகள். எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் தற்செயலாகவே சராசரியாக இரண்டு "குறிப்பிடத்தக்கதாக" வரும், அந்த இரண்டும்தான் சுருக்கவுரையில் இடம்பிடிக்கும். சி.ஆர்.பி. ஒரு பக்கம் நீண்ட வாலுடைய பரவல். சராசரி 9.4, திட்ட விலக்கம் 12.1 என்று எழுதியிருந்தால் மாணவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இடைநிலையும் கால்மான இடைவெளியும் எழுதி, லாகரிதம் எடுத்தபின் பகுப்பாய்வு செய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் தொடர்பு வராமல் போகலாம். வரட்டும். அந்தத் தீசிஸும் தேர்வுக்குத் தகுதியானதுதான் என்று மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். "சிக்னிஃபிகன்ஸ் வரலை, இன்னும் பத்து கேஸ் சேர்த்துப் பாரு" என்பது வழிகாட்டல் ஆகாது.

நோயாளிக்கு இதில் என்ன? ஏற்கெனவே பக்கவாதம் வந்தவருக்கு ஐ.எம்.டி. 0.8 ஆனாலும் 1.1 ஆனாலும் சிகிச்சை மாறாது. ரத்த அழுத்தம், ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், ஸ்டாடின், சர்க்கரை, புகை எல்லாம் அப்படியேதான். நோய் வராதவர்களிடம்கூட அதன் பயன் சொற்பம்: 2012-இல் 45,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்துப் பார்த்தபோது, வழக்கமான ஆபத்துக் கணக்கோடு ஐ.எம்.டி.யைச் சேர்த்ததால் கிடைத்த முன்னேற்றம் ஒரு சதவீதத்துக்கும் கீழ். 2013-இல் அமெரிக்க இதய அமைப்புகள் வழக்கமான ஆபத்து மதிப்பீட்டுக்கு இதை எடுக்கவேண்டாம் என்றே சொல்லிவிட்டன. ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களில் இது இன்னும் விற்கப்படுவது வேறு கதை.

சிகிச்சையை மாற்றக்கூடியது அதே புரோப் இரண்டு செ.மீ. மேலே நகர்ந்தால் தெரிவது: உட்கழுத்துத் தமனியின் குறுக்கம். 1991-இன் நாஸ்செட் ஆய்வில் அறிகுறி உள்ள 70 முதல் 99 சதவீதக் குறுக்கத்துக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டு ஆண்டில் 26 சதவீதத்தினருக்கு அதே பக்கப் பக்கவாதம் வந்தது, அறுவை செய்தவர்களில் 9. அந்தப் பலன் முதல் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் அதிகம். ஆகவே ஐ.எம்.டி.க்காகப் படுக்கவைத்த ஒவ்வொருவருக்கும், அட்மிஷன் ஆன ஓரிரு நாளிலேயே, டாப்ளர் கோணம் 60 பாகைக்கு மேல் போகாமல் உட்தமனியின் உச்ச வேகத்தை அளந்து எழுதவேண்டும். நொடிக்கு 125 செ.மீ.க்கு மேல் போனால் 50 சதவீதக் குறுக்கத்தையும், 230-க்கு மேல் போனால் 70-ஐயும் சந்தேகிக்கவேண்டும். மறுபக்கம் முழுதாக அடைத்திருந்தால் இந்தப் பக்கம் வேகம் பொய்யாக ஏறும், கால்சியம் படிந்திருந்தால் நிழல் விழுந்து உள்ளே தெரியாது. அப்போது ஆஞ்சியோ. இந்த எண் அன்று மாலையே சிகிச்சை தரும் குழுவின் கேஸ் ஷீட்டில் இருக்கவேண்டும். தீசிஸ் நோட்டில் மட்டும் தூங்கி, அட்டவணை போடும் நாளில் கண்டுபிடிக்கப்பட்டால், அந்த நோயாளிக்கான இரண்டு வாரம் எப்போதோ போயிருக்கும். நெறிமுறைக் குழுக்கள் இதை ஒப்புதலின் நிபந்தனையாகவே எழுதலாம்.

செலவும் நெறிமுறைக் குழுவின் பொறுப்புதான். வழக்கமான சிகிச்சைக்குத் தேவையில்லாத ஹோமோசிஸ்டீனுக்கும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி.க்கும் நோயாளியின் மகனை வெளி லேபுக்குப் பணத்தோடு அனுப்பக் கூடாது. ஆய்வுச் செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையில் உள்ளது. மறுவருகைக்கான பஸ் செலவையும் வரவுசெலவில் சேர்த்தால்தான் மூன்று மாத மாதிரி கிடைக்கும்.

பேராசிரியர்களே, தனித்தனிக் கல்லூரிகளில் தனித்தனியாக 50 பேரை அளப்பதற்குப் பதில், ஒரே நெறிமுறையில் பத்துக் கல்லூரிகள் சேர்ந்தால் 500 பேர். ஒவ்வொரு மாணவருக்கும் அதிலிருந்து ஒரு தனிக் கேள்வி: ஒருவருக்குத் திட்டு, ஒருவருக்கு மண்டையோட்டுத் தமனி, ஒருவருக்கு மூன்று மாத சி.ஆர்.பி., ஒருவருக்கு லிப்போபுரோட்டீன்-ஏ. பிளாஸ்மாவைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 பாகையில் வைத்து, ஒரே லேபில் ஒரே கிட்டில் ஒரே வாரத்தில் ஓட்டலாம். படங்களை இரண்டு பேர் மட்டும் அளக்கலாம். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்ட மாநிலம் இது. கைகளுக்கும் நோயாளிகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

நெறிமுறையின் வரைவை நாங்கள் எழுதித் தரத் தயார்: ரத்தம் எடுக்கும் நேரப் பட்டியல், குழாய் வண்ணம், ஸ்கேன் அமைப்புகள், கேஸ் புரொஃபார்மா, பகுப்பாய்வுத் திட்டம் உட்பட. அடுத்த பேட்ச்சின் தலைப்புகள் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன் உங்கள் துறைக் கூட்டத்தில் இதை ஒருமுறை வைத்துப் பேசி, மாற்றவேண்டியதை மாற்றி எங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நரம்பியல், கதிரியக்கவியல், உயிர்வேதியியல், மருத்துவப் புள்ளியியல் துறைகளில் பணியாற்றும் சிலர்